நடுவில் சாம்பல் பூத்த பாஸ்ட்ராமி, தட்டையான பேகல்: யூத டெலி உணவுகளை வீட்டில் செய்யும்போது வரும் பிழைகளும் தீர்வுகளும்

ருமேனியா, போலந்து, லித்துவேனியா, ரஷ்யா என்று கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க் வந்து இறங்கிய யூதர்கள் கூடவே கொண்டுவந்த சமையல்தான் உப்புநீரில் ஊறவைத்துப் புகையிட்ட மாட்டிறைச்சியான பாஸ்ட்ராமி, வளைய வடிவ ரொட்டியான பேகல், மாட்ஸோ உருண்டை சூப், பூண்டு மணக்கும் வெள்ளரி ஊறுகாய் எல்லாம். மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் 1888-ல் தொடங்கிய கேட்ஸ், மாண்ட்ரியலில் 1928-ல் தொடங்கிய ஷ்வார்ட்ஸ், லாஸ் ஏஞ்சலஸில் 1947-ல் திறந்த லேங்கர்ஸ் ஆகிய டெலிகள் (இந்த உணவுகளை விற்கும் கடைகள்) இன்றும் கூட்டத்தோடு நடக்கின்றன. இப்படி ஒரு கடையில் ஒருமுறை நன்றாகச் சாப்பிட்டுவிட்டால், அதை வீட்டில் செய்து பார்க்கும் ஆசை தானாக வரும்.

செய்முறைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த உணவுகளில் தப்பு கண்ணுக்குத் தெரிவது கடைசி நாளில். அது நடந்தது முதல் நாளில். கறியை வெட்டும்போது தெரியும் சாம்பல் நிறத்துக்குக் காரணம் ஒரு வாரம் முன்பு கலக்கிய உப்புநீர். அடுப்பில் தட்டையாகிப் போன பேகலுக்குக் காரணம் முந்தின இரவு. கடைசியாகச் செய்த வேலையையே மாற்றி மாற்றிப் பார்த்தால் பலன் இருக்காது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும், தப்பு எந்தக் கட்டத்தில் நடந்தது, இப்போது எதைக் காப்பாற்றலாம், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். அமெரிக்கச் செய்முறைகளில் 'ஒரு கப் கோஷர் உப்பு' என்று இருக்கும். அது பெரிய பரலுள்ள உப்பு. டயமண்ட் கிரிஸ்டல் என்ற கம்பெனியின் கோஷர் உப்பு ஒரு கப் ஏறக்குறைய 140 கிராம். நம் வீட்டுத் தூள் உப்பு அதே கப்பில் இரண்டு மடங்கு எடை நிற்கும். பாதி டெலி தோல்விகள் இந்தக் கப்பிலேயே தொடங்கிவிடுகின்றன.

பாஸ்ட்ராமி

*வெட்டினால் ஓரம் சிவப்பு, நடுவில் சாம்பல்*

உப்புநீர் கறியின் நடுவரை போய்ச் சேரவில்லை. பாஸ்ட்ராமியின் இளஞ்சிவப்பு நிறம், கறியைப் பதப்படுத்தும் உப்பான க்யூரிங் சால்ட்டில் உள்ள சோடியம் நைட்ரைட் தருவது. அது கறிக்குள் மெதுவாகத்தான் நகரும். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்திலிருந்து அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்று கணக்கு வையுங்கள். 5 செ.மீ. கனமுள்ள நெஞ்சுக்கறிக்கு இரண்டு பக்கமும் உப்புநீர் பட்டால் ஐந்து நாளில் நடுவை எட்டும். இரண்டு நாள் கூடுதலாக விடுவது நல்லது. கறி தட்டின் அடியிலோ பையின் ஓரத்திலோ ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் ஊறாது. தினம் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

வெந்து முடிந்த கறியில் சாம்பல் நிறத்தை மாற்ற முடியாது. கறி முழுக்க குளிர்பெட்டியிலேயே, 4 டிகிரிக்குக் கீழே ஊறி, நன்றாக வெந்தும் இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். நடுப்பகுதி மட்டும் சாதாரண வேகவைத்த கறி போல ருசிக்கும்.

*நடு மட்டுமல்ல, முழுவதுமே சாம்பல்*

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இது பாதுகாப்பு விஷயம். க்யூரிங் சால்ட்டுக்கு இளஞ்சிவப்புச் சாயம் கலப்பது, சாதாரண உப்பென்று நினைத்து யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அதனால் பல செய்முறைகள் அதை 'பிங்க் சால்ட்' என்றே சொல்கின்றன. அதைப் படித்துவிட்டு இந்துப்பை எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. இந்துப்பும் இளஞ்சிவப்புதான், ஆனால் அதில் நைட்ரைட் இல்லை. நிறமும் வராது, ஒரு வாரம் ஊறும் கறிக்கு நைட்ரைட் தரும் பாதுகாப்பும் கிடைக்காது. இதையே தலைகீழாகச் செய்து, க்யூரிங் சால்ட்டை இந்துப்பென்று நினைத்து சாம்பாரில் போட்டால் உயிருக்கே ஆபத்து. டப்பா மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, சமையல் அலமாரியில் இல்லாமல் தனியாக வையுங்கள்.

உங்களுக்கு வேண்டியது 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் உள்ள 1-ஆம் எண் வகை. அளவு, கறியும் தண்ணீரும் சேர்ந்த எடையில் கிலோவுக்கு 2.5 கிராம். 2 கிலோ கறி, 2 லிட்டர் தண்ணீர் என்றால் மொத்தம் 4 கிலோ. 10 கிராம் க்யூரிங் சால்ட், 100 கிராம் சாதாரண உப்பு, 40 கிராம் சர்க்கரை. நிறம் நன்றாக வரட்டும் என்று க்யூரிங் சால்ட்டைக் கூட்டாதீர்கள். பழைய செய்முறைகளில் வெடியுப்பு என்று இருந்தால் அது வேறு பொருள், பொட்டாசியம் நைட்ரேட். அதற்குப் பதிலாக இதை அதே அளவில் போடக் கூடாது.

*வாயில் வைக்க முடியாத உப்பு*

கண்ணளவில் அடர்த்தியான உப்புநீர் கலந்து, நாள் கணக்கும் தவறிப் போனால் இப்படி ஆகும். மேலே சொன்ன முறையில் கறிக்கும் தண்ணீருக்கும் சேர்த்து உப்பை நிறுத்துப் போட்டால், இரண்டு நாள் அதிகமாக ஊறினாலும் உப்பு ஏறாது. உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவுக்கு வந்து நின்றுவிடும். எனக்கு இந்த முறையைத் தவிர வேறு எதிலும் நம்பிக்கை இல்லை.

இன்னும் வேகவைக்கவில்லை என்றால் காப்பாற்றலாம். கறியின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, வதக்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். உப்பு கரித்தால் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்துக் குளிர்பெட்டியிலேயே ஓர் இரவு விடுங்கள், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றி.

*ரப்பர் மாதிரி இழுக்கிறது*

வெந்தது போதவில்லை. 'உள்ளே 70 டிகிரி வந்துவிட்டதே, வெந்துவிட்டதே' என்று இறக்குகிறவர்கள் அதிகம். கெட்டுப்போகாமல் வேகுவதற்கு 70 போதும். நெஞ்சுக்கறியின் சவ்வு இளகி ஜெலட்டினாக மாற அது போதாது. புகையில் 110 டிகிரியில் வைத்து உள் வெப்பம் 68, 70 வரும்போது ஏற்றம் நின்றுபோனது போல இருக்கும். கறியின் மேலிருந்து ஆவியாகும் ஈரம் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். பயந்து தீயைக் கூட்ட வேண்டாம். அந்தக் கட்டத்தில் புகையிலிருந்து எடுத்து, தட்டு வைத்த இட்லிப் பானை போன்ற பெரிய பாத்திரத்தில் ஆவியில் வைத்துவிடுங்கள். உள் வெப்பம் 93 முதல் 95 டிகிரி வரும்வரை வேக வேண்டும். வெப்பமானியைக் கறிக்குள் செருகும்போது தடையில்லாமல் இறங்கினால் பதம் வந்துவிட்டது. டெலிகளிலும் பாஸ்ட்ராமியின் கடைசிக் கட்டம் ஆவிதான்.

நன்றாக வெந்தும் இழுக்கிறது என்றால் கத்தி போன திசையைப் பாருங்கள். தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். நெஞ்சுக்கறியில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, வேறு வேறு திசையில் நார் ஓடும்படி இருக்கும். பாதியில் கறியைத் திருப்ப வேண்டிவரும்.

*வறண்டு, உதிர்கிறது*

வாங்கிய துண்டிலேயே தப்பு. கடைக்காரர் கொழுப்பெல்லாம் சீவிக் கொடுத்த மெலிந்த துண்டை எவ்வளவு கவனமாகச் சமைத்தாலும் வறளும். நியூயார்க் பாஸ்ட்ராமிக்கு வழக்கமாக எடுப்பது நேவல் என்கிற, நெஞ்சுக்கறிக்குப் பின்னால் வயிற்றுப் பக்கம் இருக்கும் கொழுப்பு வரியோடிய துண்டு. அது கிடைக்காவிட்டால் நெஞ்சுக்கறியின் தடித்த, கொழுப்புள்ள முனையைக் கேளுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் வான்கோழி நெஞ்சில் செய்யலாம். டெலிகளிலும் அது உண்டு. ஆனால் அதற்கு 95 டிகிரி கூடாது, 74-ல் எடுத்துவிட வேண்டும்.

உதிர்ந்து போனதைக் காப்பாற்ற, சூடாகவே கையால் கனமாக வெட்டுங்கள். அரை சென்டிமீட்டர் கனத்தில் அது தாங்கும்.

*மேலே கசப்பு*

கறியின் மேல் பூசிய மிளகும் தனியாவும் கருகியதென்று நினைப்பார்கள். பெரும்பாலும் புகைதான் காரணம். அடர்ந்த வெள்ளைப் புகை காற்றில்லாமல் புகையும் விறகிலிருந்து வருவது, கறியின் மேல் கசப்பாகப் படியும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நீலப் புகை வந்த பிறகே கறியை வையுங்கள். மிளகு, தனியா இரண்டையும் பொடிக்காமல் உரலில் ஒன்றிரண்டாக இடித்தால் மேல்பொறுக்கு நன்றாக நிற்கும்.

வெட்டிய கறியின் மேல் பச்சையும் ஊதாவுமாக மினுங்குகிறதா? கெட்டுப்போகவில்லை. தசைநாரின் குறுக்கு வெட்டில் ஒளி சிதறுவதால் வரும் நிறம் அது. நாற்றமோ பிசுபிசுப்போ இருந்தால் மட்டும் எறியுங்கள்.

அரைப்புளிப்பு வெள்ளரி ஊறுகாய்

டெலி மேசையில் வைக்கும் இந்த ஊறுகாயில் வினிகர் கிடையாது. உப்புநீர், பூண்டு, டில் என்கிற சதகுப்பைக் கீரை, அவ்வளவுதான். புளிப்பு முழுக்க நொதித்து வருவது. லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் உப்பு, 18 முதல் 20 டிகிரி அறையில் மூன்று நான்கு நாள், பிறகு குளிர்பெட்டி. பிஞ்சு வெள்ளரி, மேலே சுணை உள்ள கெர்கின் வகை வேண்டும். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஏற்றுமதிக்கென்றே இது ஒப்பந்த முறையில் விளைகிறது. விளையும் ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் விசாரித்தால் கிடைக்கக்கூடும்.

*கடித்தால் சதசத*

மூன்று இடங்களைச் சோதியுங்கள். முதலில் பூ முனை. காம்புக்கு எதிர்ப்பக்கம் பூ உதிர்ந்த இடத்தில் வெள்ளரியை இளக்கும் நொதிகள் அதிகம். அந்த முனையை மெல்லியதாகச் சீவி எறிய வேண்டும், ஒன்றில்கூட விடாமல். இரண்டாவது அறையின் வெக்கை. 27 டிகிரியைத் தாண்டினால் வெள்ளரி வேகமாக இளகிவிடும். சென்னைச் சமையலறையின் 32 டிகிரியில் நியூயார்க் கணக்கு செல்லாது. உப்பை லிட்டருக்கு 50 கிராமாகக் கூட்டி, ஒரு நாளிலிருந்து ருசி பார்க்கத் தொடங்கி, புளிப்பு தட்டியதும் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். அங்கேயும் மெதுவாகப் புளித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது காய். பறித்து நாளான வெள்ளரி ஊறுவதற்கு முன்பே பாதி இளகியிருக்கும். ஐஸ் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு விறைக்க வைத்துப் பிறகு போடுங்கள். ஜாடியில் ஒரு திராட்சை இலை போடும் பழக்கமும் மொறுமொறுப்புக்கு உதவும்.

இளகிப் போனதை மறுபடி விறைக்க வைக்க முடியாது. நாற்றமும் வழவழப்பும் இல்லையென்றால் பொடியாக நறுக்கி மயோனைஸோடு கலந்துவிடலாம்.

*உப்புநீர் கலங்கிவிட்டது*

கலங்க வேண்டும். நொதிக்க வைக்கும் லாக்டிக் பாக்டீரியா பெருகியதன் அடையாளம் அது. ஒரு வாரம் ஆகியும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கலந்த உடனேயே கலங்கல் தெரிந்தால் தூள் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் காரணம். கல்லுப்பு போடுங்கள்.

*மேலே வெள்ளைப் படலம்*

தட்டையாக, மெல்லிய ஆடை போல இருந்தால் அது காற்றுப்பட்டு வளரும் ஒருவகை ஈஸ்ட். எடுத்துவிட்டுத் தொடரலாம். பஞ்சு போல எழும்பி, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறம் காட்டினால் பூஞ்சணம், ஜாடியோடு கொட்டிவிடுங்கள். இரண்டுக்கும் முதல் காரணம் ஒன்றே: வெள்ளரி உப்புநீருக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கிறது. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள்.

பூண்டு நீலமாக மாறினால் பயம் வேண்டாம். பூண்டின் கந்தகச் சேர்மங்கள் புளிப்பில் அப்படி நிறம் மாறும்.

பேகல்

*தட்டையாகப் பரந்துவிட்டது*

மாவு முந்தின இரவே அதிகமாகப் பொங்கிவிட்டது. உருட்டிய பேகலை வெளியில் அரை மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலை ஒன்றை மட்டும் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். பத்து நொடிக்குள் மிதந்தால் தயார். மூழ்கினால் இன்னும் கொஞ்சம் வெளியில் வைக்க வேண்டும். விரல் பட்டதும் காற்றிறங்கிச் சுருங்கினால் நேரம் கடந்துவிட்டது. அப்போது 15 நொடிக்கு மேல் கொதிநீரில் விடாமல் உடனே சுட்டு, கிடைத்ததை மீட்கலாம்.

இன்னொரு காரணம் தண்ணீர். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக, பிசையும் கை வலிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். 500 கிராம் மாவுக்கு 280 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 15 கிராம் பார்லி மால்ட் சிரப். இதில் எட்டு பேகல் வரும்.

*பன் மாதிரி மெத்தென்று இருக்கிறது*

மாவில் புரதம் போதவில்லை. பேகலுக்கு 13, 14 சதவீதப் புரதமுள்ள மாவு எடுப்பார்கள். நம் மைதா அதற்குக் கீழே நிற்கும். 500 கிராம் மாவில் 20 கிராமை எடுத்துவிட்டு அந்த அளவுக்குக் கோதுமை குளூட்டன் பொடி சேருங்கள். அதற்கும் மேலே, கொதிநீரில் போடும் கட்டத்தைச் சுருக்கியிருந்தாலும் மெத்தென்றுதான் வரும். ஒரு பக்கம் 30 முதல் 45 நொடி கொதித்தால்தான் மேல் மாவு வெந்து தோலாக இறுகும். அந்தத் தோல்தான் அடுப்பில் பேகலைப் பன்னாக உப்பவிடாமல் பிடித்து வைப்பது. 'நியூயார்க் தண்ணீர் இல்லாமல் வராது' என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கொதிநீரும் இரவுக் குளிரும் சரியாக இருந்தால் எந்த ஊர்த் தண்ணீரிலும் வரும்.

*வெளுத்து, கொப்புளமில்லாமல்*

பேகல் தோலில் தெரியும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் குளிர்பெட்டியில் கழித்த இரவின் பரிசு. அன்றே பிசைந்து அன்றே சுட்டால் வராது. நிறத்துக்குக் கொதிநீரில் ஒரு கரண்டி மால்ட் சிரப் கரையுங்கள். மாண்ட்ரியல்காரர்கள் தேன் சேர்ப்பார்கள். அடுப்பு 230 டிகிரிக்குக் குறையக் கூடாது.

*அடியில் ஈரம், எள் கருகல்*

பழைய பேகல் கடைகளில் ஈரச் சாக்குத் துணி சுற்றிய பலகையில் எள் பக்கம் கீழே இருக்கும்படி பேகலை வைத்து அடுப்பில் தள்ளி, சில நிமிடம் கழித்துக் கல்லின் மேல் புரட்டுவார்கள். எள் கருகாது, அடிப்பக்கமும் காயும். வீட்டில் பேக்கிங் தாளின் மேல் ரவை தூவி, பாதி நேரத்தில் திருப்பிவைத்தால் ஓரளவு அந்தப் பலன் கிடைக்கும்.

மாட்ஸோ உருண்டை சூப்

பஸ்கா பண்டிகையின் புளிக்காத ரொட்டியைப் பொடித்தது மாட்ஸோ மாவு. ஒரு கப் மாவு, 4 முட்டை, 4 மேசைக்கரண்டி ஷ்மால்ட்ஸ் என்கிற உருக்கிய கோழிக்கொழுப்பு, 4 மேசைக்கரண்டி கோழி ரசம், ஒரு தேக்கரண்டி உப்பு. கோழிக்கொழுப்புக்குப் பதில் நெய் விடத் தோன்றும். இறைச்சியோடு பால் பொருளைச் சேர்க்காத கோஷர் வழக்கத்தில் பிறந்த சூப் இது. நெய்யின் மணம் கோழியின் மணத்தை மூடிவிடும். கொழுப்பு கிடைக்காவிட்டால் மணமில்லாத எண்ணெய் போதும்.

*நடுவில் கல்*

மாவு ஈரத்தை இழுக்க நேரம் தரவில்லை, அல்லது வேகும்போது மூடியைத் திறந்திருக்கிறீர்கள். கலவையை ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். தளர்வாக இருக்கிறதென்று நடுவில் மாவு சேர்க்காதீர்கள். குளிர்ந்ததும் தானாக இறுகும். ஈரக்கையால், அழுத்தாமல் உருட்டி, மெல்லக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு மூடி, 40 நிமிடம் திறக்காமல் விடுங்கள். ஒன்றை வெட்டிப் பார்த்து நடுவில் அடர்நிறம் தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம். கல்லான உருண்டைகளையும் இப்படியே திரும்ப வேகவைத்து மீட்டுவிடலாம்.

சிலருக்கு மிதக்கும் மெத்தென்ற உருண்டை, சிலருக்கு மூழ்கும் கனத்த உருண்டை பிடிக்கும். யூத வீடுகளிலேயே இரண்டு கட்சி உண்டு. கனமாக இருப்பது பிழையல்ல. நடுவில் வேகாமல் இருப்பதுதான் பிழை.

*தண்ணீரில் கரைந்துவிட்டது*

தண்ணீர் தளதளவென்று கொதித்திருக்கிறது, அல்லது கலவை குளிரவில்லை. மீதிக் கலவையில் ஒரு மேசைக்கரண்டி மாவு சேர்த்து மறுபடி குளிரவையுங்கள்.

*சூப் கலங்கல்*

உருண்டைகளைச் சூப்பிலேயே வேகவைத்தால் மாவு கரைந்து கலங்கும். தனியாக வேகவைத்துப் பரிமாறும்போது சேருங்கள். கோழியைப் பொங்கக் கொதிக்க வைத்தாலும் கலங்கும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வரும் தீயே போதும். பொன்னிறம் வேண்டுமென்றால் வெங்காயத்தைத் தோலோடு போடுங்கள்.

ரை ரொட்டி: பிசின் மாதிரி ஒட்டுகிறது

ரை என்ற தானியத்தின் மாவில் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி அதிகம். புளித்த மாவின் அமிலம் அதை அடக்கும். ஈஸ்ட் மட்டும் போட்டுச் செய்தால் அந்த அமிலம் இருக்காது. டெலி ரை ரொட்டியில் பெரும்பகுதி கோதுமை மாவுதான். ரை மூன்றில் ஒரு பங்கு இருந்தால் தாராளம். உள் வெப்பம் 96 டிகிரி வந்த பிறகு எடுத்து, முழுக்க ஆறும்வரை வெட்டாமல் வையுங்கள். கேரவே விதைக்குப் பதில் சீரகம் போடாதீர்கள். பார்க்க ஒன்று போல இருந்தாலும் மணம் வேறு.

லாட்கே என்கிற உருளைக்கிழங்கு அடை: எண்ணெய் குடிக்கிறது, நொறுங்கவில்லை

துருவிய உருளைக்கிழங்கைத் துணியில் கட்டிப் பிழியும்போது இதற்கு மேல் வராது என்று தோன்றும் இடத்தில் இன்னொரு முறை பிழியுங்கள். பிழிந்த நீரைப் பத்து நிமிடம் தெளியவிட்டு மேல்நீரை ஊற்றினால் அடியில் வெள்ளையாக மாவு படிந்திருக்கும். அதைத் திரும்ப உருளையில் சேர்த்தால் அடை உதிராது. எண்ணெய் 180 டிகிரி. சட்டியில் நெருக்கிப் போட்டால் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும். கறுக்காமலிருக்க வெங்காயத்தையும் உருளையையும் மாறி மாறித் துருவுங்கள்.

கடுகு விழுது: காரமில்லை, கசக்கிறது

பாஸ்ட்ராமிக்குத் தொட்டுக்கொள்ள, பழுப்புக் கடுகை ஒன்றிரண்டாக அரைத்த விழுதே பொருத்தம். கடுகின் காரம் இடித்ததும் இருப்பதல்ல. தண்ணீர் பட்ட பிறகு ஒரு நொதி உண்டாக்குவது. சுடுநீர் ஊற்றினால் நொதி செத்து வெறும் கசப்பு மிஞ்சும். வினிகரை முதலிலேயே ஊற்றினாலும் காரம் எழும் முன் அடங்கிவிடும். குளிர்ந்த தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் விட்டு, காரம் மூக்கில் ஏறும்போது வினிகரும் உப்பும் சேருங்கள். அன்று கசக்கத்தான் செய்யும். மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாளில் கசப்பு அடங்கிவிடும். அதனால் கறியை உப்புநீரில் போடும் வாரத்திலேயே கடுகையும் குழைத்து வைத்துவிடுங்கள்.